தரைவாழ் டரான்டுலாவின் பெட்டி: சில வருடங்கள் புழங்கிய பிறகு

பெட்டி புதிதாக இருக்கும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். டரான்டுலா என்பது முடி நிறைந்த பெரிய சிலந்தி; அதில் பெண் 20 வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது என்பதால் முதல் மாத அனுபவத்தை எழுதிப் பெரிய பயன் இல்லை. என்னிடம் இருப்பது மெக்சிகோ செம்முழங்கால் வகை, வளர்ப்பிலேயே பிறந்த பெண். காலை விரித்தால் 12 செ.மீ. வரும். இதே பெட்டிக்குள் பலமுறை தோலுரித்துவிட்டது.

பெட்டி அக்ரிலிக், நீளம் 40, அகலம் 30, உயரமும் 30 செ.மீ. "தரைச் சிலந்திக்கு இவ்வளவு உயரமா?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இவற்றுக்கு வயிறு கனம், தோல் மெல்லியது. சுவரில் ஏறி மேலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்து செத்தே போகலாம். மண்ணுக்கும் மூடிக்கும் நடுவே உள்ள இடைவெளி கால் விரிப்பைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது என்பது வளர்ப்பவர்கள் கையாளும் கணக்கு. நான் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் போட்டுவிட்டேன். மிச்சம் இருப்பது 15 செ.மீ. தான், அது கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. கூர்மையான கல், பீங்கான் பொம்மை எதுவும் உள்ளே கிடையாது. படத்தில் அழகாகத் தெரியும். அதன்மேல் விழுந்தால்தான் தெரியும்.

இத்தனை நாளில் என் மனதை முழுசாக மாற்றியது மண்தான். ஆரம்பத்தில் தேங்காய் நார்த்தூள் மட்டும் போட்டிருந்தேன். லேசானது, பூஞ்சை சீக்கிரம் பிடிக்காது, கையாள்வது சுலபம். ஆனால் காய்ந்ததும் பொடிப்பொடியாகிவிடும். சிலந்தி வளை தோண்டும், கூரை சரியும், மறுபடி தோண்டும். பிறகு உரமோ பூச்சிமருந்தோ கலக்காத மேல்மண்ணைச் சரிபாதி சேர்த்து, லேசாக ஈரமாக்கி, கையால் நன்றாக அமுக்கி, பல நாள் உலரவிட்டேன். அதன்பின் ஒரு மூலையில் கார்க் பட்டைக்கு அடியிலிருந்து தோண்டிய வளை இன்றுவரை இடியவில்லை. அமுக்கிய மண் என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். வளை இடியாமல் நின்ற நாளிலிருந்து சிலந்தி சுவர் ஏறுவதையே கிட்டத்தட்ட விட்டுவிட்டது. புது இடத்தில் கொஞ்ச நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது சகஜம். வாரக்கணக்கில் நின்றால் அநேகமாக மண் அதற்குப் பிடிக்கவில்லை, பெரும்பாலும் ஈரம் அதிகம்.

ஈரமானியை ஒட்டினேன், பிய்த்தும் போட்டேன். மலிவான ஈரமானி காட்டும் எண்ணைத் துரத்தித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பதைவிட, ஆழமில்லாத ஒரு கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் வைத்து, அவ்வப்போது அதை வழியவிட்டு அந்த மூலையை மட்டும் நனைப்பது போதும். இந்த வகை வறண்ட பருவத்தைத் தாங்கிப் பழகியது. புழுங்கும் காற்றைத்தான் தாங்காது. எதிரெதிர்ச் சுவர்களில் துளை இருப்பதால் காற்று குறுக்காக ஓடுகிறது, பூஞ்சைத் தொல்லை இல்லை. கிண்ணத்தில் பஞ்சு போடச் சொல்வார்கள். அது அழுக்கையும் கிருமியையும் வளர்க்கும், வேறு உபயோகம் இல்லை.

மூடிக்குக் கம்பிவலை வேண்டாம். கால் நுனி நகம் அதில் மாட்டினால் காலே போய்விடும். துளையிட்ட அக்ரிலிக் மூடி அந்த வகையில் நல்லது. ஆனால் இந்தப் பெட்டியில் எனக்குள்ள ஒரே பெரிய புகாரும் அந்த மூடிதான். உள்பக்கம் ஈரம், வெளிப்பக்கம் உலர்ந்த காற்று என்று இருந்து இருந்து, நடுவில் வளைந்து ஓரத்தில் இடுக்கு விட்டுவிட்டது. டரான்டுலா தள்ளுகிற தள்ளுக்கு அந்த இடுக்கு போதும். இப்போது நாலு பக்கமும் கவ்வி போட்டிருக்கிறேன். வாங்கும்போது மூடியின் தடிமனைப் பாருங்கள்.

அடியில் வைக்கும் சூட்டுத்தகடு தேவையே படவில்லை. சூடு அதிகமானால் இவை கீழே தோண்டித்தான் தப்பிக்கப் பார்க்கும்; கீழேயே சூட்டை வைத்தால் எங்கே போகும்? நமக்கு இதமாக இருக்கும் அறை அதற்கும் போதும். தனி விளக்கும் வேண்டாம்.

சுத்தம் செய்வது சுலபம். தின்று உருட்டிப் போட்ட மிச்சத்தை நீண்ட இடுக்கியால் எடுத்துவிட்டால் சரி. மண்ணை முழுசாக மாற்ற வேண்டிய அவசியம் இதுவரை வரவில்லை. மண்ணில் கை வைத்தால் கையுறை கட்டாயம். சிலந்தி உதிர்த்த முடி நம் தோலில் பட்டால் அரிப்பு, கண்ணில் பட்டால் ஆபத்து.

தினமும் வேடிக்கை பார்க்க ஒரு பிராணி வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஏற்பாடு ஏமாற்றமாக இருக்கும். ஆழமான மண் கொடுத்தால் அது ஆழத்தில்தான் இருக்கும். தோலுரிக்கும் முன் வளை வாயை மண்ணாலும் நூலாலும் அடைத்துவிட்டு மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும். அப்போது தோண்டிப் பார்க்காதீர்கள், உயிருள்ள இரையையும் உள்ளே விடாதீர்கள். மெத்தென்று கிடக்கும் சிலந்தியைப் பாச்சையே கடித்துவிடும். கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். வெளியே வந்த பிறகும் வெளுத்த பற்கள் கறுத்துக் கெட்டியாகும்வரை இரை போட வேண்டாம்.