தோள்பட்டை வலிக்குப் போய் 18,000 ரூபாயை விட்டோம், நீங்க விட்டுடாதீங்க

நேத்து சாயங்காலமும் போய்க் கேட்டு வெறுங்கையோடதான் வந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கல.

எங்க வீட்டுக்காரர் பெயிண்டர். 22 வருஷமா சீலிங்குக்கு ரோலர் புடிச்ச கை. தீபாவளி வேலை முடிஞ்சதுல இருந்து வலது கையைத் தூக்குனா உயிர் போகுது. சட்டை மாட்டவே நான் கூட நிக்கணும்.

மதுரையில மெயின் ரோட்டு மேல, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பிசியோதெரபி சென்டர். அங்க இருந்தவர் இவர் கையைப் பக்கவாட்டுல மெதுவா தூக்கினார். தோள் உயரம் வந்ததும் இவர் முகம் சுருங்குச்சு. "இங்கதானே அண்ணே புடிக்குது? இதைத் தாண்டினா கொஞ்சம் குறையும் பாருங்க"ன்னார். அப்படியேதான் இருந்துச்சு. நாங்க சொல்றதுக்கு முன்னாடியே வலியைச் சொன்னவரை எப்படி நம்பாம இருக்க? "20 சிட்டிங், மொத்தமா கட்டினா 18,000. முடியும்போது ரோலரோட வேலைக்குப் போயிடுவார்க்கா"ன்னார். சீட்டு எடுத்த பணம். அங்கேயே ஜிபே பண்ணிட்டேன்.

மறுநாள்ல இருந்து அவரைக் காணோம். ஒரு பொண்ணு வந்து தோள்ல ஒயரை ஒட்டி மிஷினைப் போட்டுட்டு, செல்போனோட வெளிய போயிடும். 20 நிமிஷத்துல டைமர் கத்தும், கழட்டிடும். ஒரே ஒரு பயிற்சி சொல்லித் தரல. 9வது நாள் வேற ஒரு பையன் வந்து கையைத் தலைக்கு மேல வெடுக்குன்னு இழுத்துட்டான். அன்னைக்கு ராத்திரி இவர் படுக்கவே இல்ல, விடியிற வரைக்கும் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தார்.

மீதி 11 சிட்டிங் காசைக் கேட்டா, "சார் வெளியூர்ல இருக்கார், திங்கக்கிழமை வாங்க." திங்கக்கிழமை போனா, "பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாதுக்கா." வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் வருது, பதில் வரல. ரசீதுன்னு குடுத்தது சீல் இல்லாத துண்டுச்சீட்டு. 18,000 ரூபாய்ங்க! எங்களுக்கு மூணு மாச வாடகை.

அப்புறம் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். கை தூக்கும்போது தோள் எலும்புக்கு அடியில தசைநார் நசுங்குது, பயிற்சிதான் முக்கிய வைத்தியம், ரெண்டு மூணு மாசம் ஆகும்னு எலும்பு டாக்டர் சொன்னார். பிசியோதெரபி மேடம் ரப்பர் பட்டையைக் கட்டி, இவர் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவுல ஒரு துண்டைச் சுருட்டி வச்சு, துண்டு கீழ விழாம கையை வெளிப்பக்கம் இழுக்கச் சொல்லிக் குடுத்தாங்க. காசு வாங்கல.

நல்ல சென்டரை எப்படிக் கண்டுபுடிக்கிறதுன்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப முடியல. மொத்தப் பணத்தை முதல் நாளே கட்டாதீங்க. பார்க்கிறவர் பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) முடிச்சவரா, தினமும் அவரே பார்ப்பாரான்னு கேளுங்க. பயிற்சி சொல்லித் தராம மிஷினை மட்டும் மாட்டுனா எந்திரிச்சு வந்துடுங்க. சீல் போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்க.

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சிருக்கேன். என் கையில இருக்கிற ஆதாரம் அந்த ஜிபே ஸ்கிரீன்ஷாட் ஒண்ணுதான்.