மரத்தில் சேணத்தில் தொங்கி மான் வேட்டை: இடுப்புப் பையா, பிரேம் பையா?

நவம்பர் மாதம் மிச்சிகன் காட்டில் விடியலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே காரை நிறுத்திவிட்டு, கிட்டத்தட்ட 12 கிலோ சாமான்களோடு இருட்டில் ஒரு மைல் நடந்து, மான் வேட்டைக்காக 6 மீட்டர் உயரம் மரமேறி உட்கார வேண்டும். அந்த 12 கிலோவை எப்படிச் சுமப்பது என்பதுதான் இங்கே பேச்சு. இரண்டு விதமாகவும் சுமந்து பார்த்துவிட்டேன். முதல் இரண்டு சீசன் இடுப்புப் பைகள், போன சீசன் முழுக்க பிரேம் பை, அதாவது சட்டகம் வைத்த முதுகுப் பை. இப்போது நான் பிரேம் பை கட்சி.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. சேடில் என்று இங்கே எல்லாரும் சொல்லும் சேணம், இடுப்பையும் பின்புறத்தையும் தாங்கும் அகலமான துணி இருக்கை. அதன் முன்னால் வளைந்து தொங்கும் பிரிட்ஜ் கயிற்றை, தலைமட்டத்துக்கு மேலே மரத்தில் கட்டிய டெதர் கயிற்றோடு கராபினர் என்ற பூட்டுக் கொக்கியால் மாட்டிக்கொண்டு, காலடியில் ஒரு சின்ன பிளாட்ஃபார்மை ஊன்றி, மரத்தைப் பார்த்தபடி சாய்ந்துகொள்வோம். ஏறுவதற்கு, மரத்தில் கட்டும் படிகளுள்ள மூன்று நான்கு அலுமினிய ஸ்டிக்குகள். ஏறும்போதும் இறங்கும்போதும் நம்மை மரத்தோடு பிணைக்கும் லைன்மேன் கயிறு மரத்தைச் சுற்றி இருந்தே ஆக வேண்டும். மரத்தைக் கவ்வியபடி இருக்கையோடு ஏறும் பழைய பாணி கிளைம்பர் ஸ்டாண்ட் ஒன்பது கிலோவுக்கு மேலும் வரும், கிளையே இல்லாத நேரான மரம்தான் அதற்கு ஆகும். சேணத்துக்குக் கோணல் மரமும் போதும். பொது நிலத்தில் வேட்டையாடுகிறவர்கள் இந்தப் பக்கம் வருவது அதனால்தான்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், தெரிந்ததே. இங்கே வெள்ளைவால் மானுக்கு முறைப்படி உரிமம் உண்டு, பருவமும் உண்டு. வில்லுக்கு அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை, பிறகு 15 முதல் 30 வரை துப்பாக்கி, டிசம்பரில் மறுபடி வில். நான் போவது பெரும்பாலும் ஜாக்சனுக்குக் கிழக்கே இருக்கும் வாட்டர்லூ பொது நிலத்துக்கு, வில்லோடு.

இடுப்புப் பை முறையில் வீட்டிலோ கார் பக்கத்திலோ சேணத்தைக் கட்டிக்கொண்டே நடக்கிறோம். சேணத்தின் இரு பக்கமும் தொங்கும் சின்னப் பைகளில் ஒன்றில் டெதர், இன்னொன்றில் லைன்மேன் கயிறு. பிளாட்ஃபார்மிலேயே தோள்பட்டை வார்களை மாட்டி முதுகில் போட்டுக்கொண்டு, ஸ்டிக்குகளை அதன் மேல் அடுக்கிக் கட்டிவிட்டால் தனியாகப் பையே வேண்டாம். மரத்தடியில் நின்றதும் கயிற்றை உருவி மரத்தைச் சுற்றி ஏற ஆரம்பித்துவிடலாம். பிளாட்ஃபார்மையும் ஸ்டிக்குகளையும் இறக்கிவிட்டால் முதுகில் எதுவும் இல்லை, அதனால் லைன்மேன் கயிற்றில் சாயும்போது பின்னால் இழுக்காது. செலவும் குறைவு.

ஆன் ஆர்பரில் இருக்கும் நண்பர் ஒருவர் இந்த முறைதான் வைத்திருக்கிறார். “அண்ணா, இடுப்புல கட்டிட்டா பத்து நிமிஷத்துல மேல இருக்கலாம். நீங்க எதுக்கு மலையேறப் போறவன் மாதிரி மூட்டை தூக்கறீங்க?” என்பார். அக்டோபர் சாயங்காலமாக இருந்தால் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பதினைந்து டிகிரி வெயிலில் மெல்லிய சட்டையோடு போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வருவதற்கு அதைவிட லேசான வழி கிடையாது.

சிக்கல் நவம்பரில்தான். ஆண் மான்கள் பகலிலும் பெட்டையைத் தேடி அலையும் அந்த இரண்டு வாரம்தான் வருஷம் முழுக்கக் காத்திருந்த நாட்கள். அப்போதுதான் குளிரும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது. மரத்தில் அசையாமல் நாலைந்து மணி நேரம் உட்கார, மார்பு வரை ஏறும் கனத்த பிப் பேன்ட்டும் தடித்த ஜாக்கெட்டும் இல்லாமல் முடியாது. சேணத்தை அந்த பிப்புக்கு மேலேதான் கட்ட வேண்டும். சேணம் கட்டிய பிறகு அதற்கடியில் பேன்ட் போட வழியில்லை. ஆக, சேணத்தோடு நடக்கிறவர் பிப்பையும் போட்டுக்கொண்டேதான் நடக்க வேண்டும். ஒரு மைல். முதுகில் சுமையோடு. சதுப்பு ஓரத்துச் சேற்றில்.

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் சீசனில் ஒரு காலை, மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஏறும்வரை ஒன்றும் தெரியவில்லை. மேலே போய் அசைவு நின்று இருபது நிமிடத்தில், அந்த ஈரம் உலர உலர உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பித்தது. முதலில் தோள்பட்டை நடுவில் ஒரு உள்ளங்கை அளவு குளிர், பிறகு முதுகு முழுக்க. வெளியே எத்தனை கனத்த ஜாக்கெட் போட்டாலும் உள்ளே நனைந்த துணி இருந்தால் பயனில்லை. எட்டு மணிக்கு விரல்கள் மரத்துவிட்டன. எனக்கு அப்போது மானைப் பற்றிய கவலை போய்விட்டது. மேலே என்னைப் பிடித்திருப்பது ஒரு கராபினர். இறங்கும்போது அதைக் கழற்றி மாற்ற வேண்டியது இந்த விரல்கள்தான். எட்டரைக்கே இறங்கிவிட்டேன். இறங்கிய பாதி வழியில், என் மரத்துக்கு நாற்பது அடி தள்ளி ஒரு மான் புஸ்ஸென்று சீறி வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பார்த்து ஓடியதா, வியர்வை வாசனைக்கா, தெரியாது. காற்று அந்தப் பக்கம்தான் அடித்தது.

பிரேம் பைக்கு நான் மாறியது இந்த ஒரு காரணத்துக்காக. பிப், ஜாக்கெட், சேணம் மூன்றும் பைக்குள். நடப்பது ஒரு மெல்லிய கம்பளி உள்சட்டையும் சாதாரண பேன்ட்டுமாக. கார் கதவைச் சாத்தும்போது குளிர வேண்டும், குளிரவில்லை என்றால் ஒரு துணி அதிகமாகப் போட்டிருக்கிறேன் என்று அர்த்தம். மரத்தடியில் பத்து நிமிடம் சும்மா நின்று உடம்பு ஆறியதும் உள்சட்டையை மாற்றிவிட்டு, பிப், அதன்மேல் சேணம். ஜாக்கெட்டை மேலே போய்த் தொங்கிக்கொண்டே போட்டுக்கொள்ளலாம். கீழே பதினைந்து நிமிடம் கூடுதலாகப் போகிறது, அதற்கு ஏற்ப முன்னாடி எழுந்துகொள்கிறேன்.

சட்டகம் இருப்பதால் எடை தோளை விட்டு இடுப்பு எலும்பில் உட்காருகிறது. சாதாரணப் பள்ளிக்கூடப் பையிலும் இதையெல்லாம் திணிக்கலாம்தான், ஆனால் பிளாட்ஃபார்மின் விளிம்பு முதுகில் குத்தும், பை பின்னால் சாயும். அதை ஒரு தடவைக்கு மேல் முயற்சிக்கவில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். விலை பல நூறு டாலர். ஸ்டிக்குகளைச் செங்குத்தாகக் கட்டும்போது தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் இருட்டில் ஒவ்வொரு கிளையும் தட்டும். குறுக்காகக் கட்டினால் ‘ஆட்டம் ஆலிவ்’ (autumn olive) என்ற அடர்ந்த புதர்களுக்குள் நுழையவே முடியாது. செங்குத்தாகவே, தோளுக்குக் கீழே நிற்கும்படி கட்டிவிட்டேன். உலோகத்தோடு உலோகம் உரசும் இடமெல்லாம் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறேன். பையின் துணியும் முக்கியம். மொடமொடப்பான நைலான் உறைகுளிரில் இன்னும் விறைத்து, கை பட்டாலே சரசரக்கும். கடையில் தொட்டுப் பார்த்து, நகத்தால் கீறிக் காது கொடுத்துக் கேட்டு வாங்குங்கள்.

பையை முதுகில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். நான் வில்லை ஒரு கயிற்றிலும் பையை இன்னொரு கயிற்றிலும் கட்டிக் கீழேயே விட்டு, மேலே டெதரில் மாட்டிய பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொள்கிறேன். அம்புகள் முனை மூடிய கூட்டில்தான் வரும். பையை மரத்தில் ஒரு வாரில் தொங்கவிட்டால் வாய் என் பக்கம் திறக்க வேண்டும், ஒரு கையால் துழாவ முடிய வேண்டும்.

பிரேம் பை வாங்கச் சொல்கிறவர்கள் பலர், வெட்டிய இறைச்சியையும் அதிலேயே சுமந்து வரலாம் என்பார்கள். நான் அப்படிச் சுமந்ததில்லை. எனக்குக் கிடைத்த ஒரே மானை பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் போட்டு இழுத்துத்தான் வந்தேன், அதனால் அதை ஒரு காரணமாக நான் சொல்ல மாட்டேன். முழங்கால் பனியில் நடந்த அனுபவமும் இல்லை. கார் நிறுத்தத்திலிருந்து முந்நூறு அடியில் உங்கள் மரம் இருந்தால் பிப்பைப் போட்டுக்கொண்டே மெதுவாக நடந்துவிடலாம், பிரேம் பைக்குக் காசு போட வேண்டாம்.

நண்பரிடம் இதைச் சொன்னபோது, “அப்ப பிப்பை மட்டும் சுருட்டி பிளாட்ஃபார்ம் மேல கட்டிக்கறேன், அண்ணா” என்றார். கட்டலாம், தம்பி. ஆனால் மரத்தடியில் சேணத்தைக் கழற்றி, பிப்பைப் போட்டு, மறுபடி சேணத்தைக் கட்ட வேண்டுமே. பத்து நிமிடத்தில் ஏறுவதுதானே உங்கள் முறையின் பலம்? வரும் நவம்பரில் இரண்டு பேரும் ஒரே பாதையில் போவதாக இருக்கிறோம். மரத்தடியில் அவருடைய உள்சட்டையைத் தொட்டுப் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.