புள்ளி வைக்கத் தெரியாத எம்பிராய்டரி மெஷின்

உசிலம்பட்டியில் தையல் கடை வைத்திருக்கும் தோழி ஒருத்தி, நான் நான்கு ஆண்டுகளாக ஓட்டிவரும் அதே எம்பிராய்டரி மெஷினின் விலை இறங்கியிருப்பதாகப் படம் எடுத்து அனுப்பி, “வாங்கவாக்கா?” என்று கேட்டிருந்தாள். கேள்வி வந்த நேரம் நல்ல நேரமில்லை. இருபத்து மூன்று நாள் பழுதுபார்க்கும் இடத்தில் கிடந்துவிட்டு மெஷின் வீடு திரும்பியதற்கு மறுநாள் அது. பில்லைப் பார்த்த எரிச்சல் அடங்கியிருக்கவில்லை. ஆகவே ஒரு வாரம் ஆறப்போட்டு இதை எழுதுகிறேன். ஆறியிருக்கிறதா என்பதைப் படிப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒற்றை ஊசி, துணியை இறுக்கிப் பிடிக்கும் ஃபிரேம் 130க்கு 180 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு அதிகபட்சம் 650 தையல் என்ற விவரமெல்லாம் அவளுக்குத் தெரியும். கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்ல வரும் குறை அந்த ஒரு கம்பெனியோடு நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. மதுரை பழங்காநத்தத்தில் என் வீட்டு முன்னறையில் மெஷின் ஓடுகிறது. குழந்தைத் துண்டு, கைக்குட்டை, பள்ளிப் பை, சட்டைப் பாக்கெட், ரவிக்கையின் முதுகு, தலையணை உறை என எதைக் கொண்டுவந்தாலும் அதில் ஒரு பெயரோ இரண்டு பெயரோ போட்டுத் தருவதுதான் என் தொழில். பூவும் மயிலும் வேண்டுமென்றால் ஊரில் ஆரி வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். பல தலைகள் கொண்ட பெரிய மெஷின் வைத்திருப்பவர்களோ ஒரே ஒரு துண்டுக்காக ஃபிரேம் மாட்டச் சம்மதிக்க மாட்டார்கள். “ஒண்ணே ஒண்ணுதான் வேணும்” என்று தயங்கிக்கொண்டு வருபவர்களால்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது.

அப்படி வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெயரைத் தமிழில் கேட்கிறார்கள். எனக்கும் மெஷினுக்கும் உள்ள வழக்கு அங்கேதான் தொடங்குகிறது. இதற்குப் புள்ளி வைக்கத் தெரியாது.

12 மில்லிமீட்டர் உயரத்தில் எழுத்துப் போட்டால் அதன் தலையில் நிற்கும் புள்ளி ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் அகலம் வரும். வழக்கமாக மாட்டும் 75/11 ஊசியின் தண்டு 0.75 மில்லிமீட்டர் கனம். அதாவது புள்ளியின் அகலத்தில் கிட்டத்தட்டப் பாதியை ஊசியே அடைத்துக்கொள்கிறது. மீதியுள்ள இடத்தில், நூல் அவிழாதிருக்கத் தொடக்கத்தில் மூன்று முடிச்சுத் தையல், நடுவில் இடமும் வலமுமாக நெருக்கி ஓடும் சாட்டின் தையல் ஐந்தாறு, முடிவில் மறுபடியும் மூன்று முடிச்சுத் தையல் என்று பத்துப் பன்னிரண்டு முறை குத்தி, நூலை வெட்டிக்கொண்டு, அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். வெட்டிய நுனி குட்டையாக இருந்தால் ஊசிக் காதிலிருந்து நூல் உருவிக்கொள்ளும். நீளமாக இருந்தால் அடியில் இழுபட்டு, கீழிருந்து வரும் பாபின் நூலோடு சேர்ந்து பந்தாகச் சிக்கும். மெல்லிய துணியாக இருந்தாலோ புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருக்கும்.

இத்தனையும் தாண்டி விழும் புள்ளியாவது வட்டமாக இருக்குமா என்றால் அதுவும் இல்லை. சாட்டின் தையல் தான் ஓடும் திசையில் துணியை இழுத்துச் சுருக்கும் என்பதால், கணினியில் வட்டமாக வரைந்தது துணியில் நிமிர்த்தி வைத்த நெல்மணியாகிவிடும். வட்டம் வேண்டுமானால் குறுக்குவாட்டில் 0.3 மில்லிமீட்டர் கூட்டி, படுத்த முட்டையாக வரைய வேண்டும். நான்கு ஆண்டுகளில் தட்டித் தடுமாறி நான் வந்து சேர்ந்த ஏற்பாடு இது: 75/11ஐவிட மெல்லிய 65/9 ஊசி; 40ஆம் எண் நூலுக்குப் பதிலாக அதைவிட மெல்லிய 60ஆம் எண் நூல்; 2.2 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கிய, மேல்தையலுக்குத் தாங்கலாக முதலில் போடும் அடித்தையல் அறவே இல்லாத புள்ளி. எல்லா எழுத்துகளும் முடிந்த பிறகு புள்ளிகளை மட்டும் இடமிருந்து வலமாக, நடுவே நூலை வெட்ட விடாமல் போட்டுவிட்டு, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தொங்கும் நூலை முனை வளைந்த சிறு கத்தரியால் நானே வெட்டுகிறேன். தானாக நூல் வெட்டும் வசதிக்கென்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய மெஷினில் அந்த வசதியை அணைத்து வைத்துவிட்டுக் கையால் வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதை என் தோழி கவனிக்க வேண்டும்.

இதனால் பெயரைக் கேட்டதும் மனத்துக்குள் புள்ளி எண்ணும் பழக்கம் வந்துவிட்டது. உமா, கவிதா, ரேவதி என்றால் முகம் மலர்ந்துவிடும். கார்த்திக் என்றால் மூன்று. சொக்கலிங்கம் என்றாலும் மூன்று. மீனாட்சி ஒன்றோடு விட்டுவிடுகிறாள். ஊரையே காப்பவள் என்னையும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறாள் போலும். சென்ற ஆவணியில் ஒரு காதணி விழாவுக்காகச் சீர்த்தட்டுகளை மூடும் துணிகள் பதினொன்று வந்தன. ஒவ்வொன்றிலும் ‘அன்புடன் தாய்மாமன்’ என்று போட வேண்டும். துணிக்கு நான்கு புள்ளி, ஆக மொத்தம் நாற்பத்து நான்கு. எழுத்துகளுக்குப் பிடித்த நேரத்தைவிடப் புள்ளிகளைச் சீர்ப்படுத்தப் பிடித்த நேரம் கூடுதல். வாங்கிக்கொள்ள வந்த மாமன், துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “அப்படியே எம்பேரையும் சேத்துப் போட்டிருக்கலாம்லம்மா?” என்றார். அவர் பெயரில் இன்னும் மூன்று புள்ளி இருந்தது. சிரித்து அனுப்பி வைத்தேன்.

மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று இலக்கணம் சொல்லியும், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டார்கள். எழுத்தாணி ஓரிடத்தில் அழுந்தினால் ஓலை பொத்துப்போகும் என்ற அச்சம் இலக்கணத்தை வென்றுவிட்டது. பள்ளியில் இதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மெல்லிய பருத்தித் துணியில் ஊசி திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இறங்குவதைப் பார்க்கும்போதுதான் அந்த ஏடெழுதியவர்களின் கை புரிகிறது. அவர்களுக்கு இருந்த சலுகை எனக்கு இல்லை. இன்றைக்குப் புள்ளி இல்லாமல் பெயர் போட்டுக் கொடுத்தால் காசு கைக்கு வராது.

சுங்குடிச் சேலையில் பெயர் போடச் சொல்லும்போது இந்த வேடிக்கை இன்னும் கூடிவிடும். ஆயிரக்கணக்கான முடிச்சுகளைக் கையால் கட்டி, சாயத்தில் தோய்த்து, அவிழ்த்து, உடல் முழுவதும் புள்ளியாகவே பூக்கவைத்த சேலை அது. அதன் முந்தானையில் ஒரே ஒரு ‘ட்’ தலையில் ஒரே ஒரு புள்ளி வைக்கத் தெரியாமல் என் மெஷின் நின்றுகொண்டு சிவப்பு விளக்கைக் காட்டும். ஒரு முறை பொறுமையிழந்து, சேலையில் இருந்த சாயப்புள்ளி ஒன்று எழுத்தின் தலைக்கு நேராக வரும்படி ஃபிரேமை நகர்த்தி மாட்டி, தையற்புள்ளி வைக்காமலேயே முடித்துக் கொடுத்தேன். சேலைக்காரர் இன்றுவரை அதைக் கண்டுபிடிக்கவில்லை.

மெஷினுக்குள் நிறைத்து அனுப்பியிருக்கும் எழுத்துருக்களில் தமிழ் கிடையாது. அதோடு வந்த மென்பொருளிலோ ‘கொ’ என்று அடித்தால் கொம்பும் காலும் எழுத்துக்கு வலப்பக்கத்தில் போய் ஒன்றாக நிற்கும். ஆகவே ஒவ்வொரு பெயரையும் கணினியில் கோட்டுருவமாக மாற்றி, தையலாக்கி, பென்டிரைவில் ஏற்ற வேண்டும். தொழிலில் இருப்பவர்கள் இதைப் பஞ்சிங் என்பார்கள். காகித நாடாவில் துளையிட்டு மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்த காலத்துப் பெயர் அது. விலைக்கு வாங்கும் மென்பொருள்கள் என் வருமானத்துக்கு எட்டாதவை என்பதால், இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பையும் அதற்குள் இயங்கும் இங்க் ஸ்டிச்சையும் வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன். அவற்றின்மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. எழுத்துகளிலும் சாது உண்டு, போக்கிரி உண்டு. ட, ப, ம போன்றவை சொன்னபடி கேட்கும். மூன்று சுழி ‘ண’ 10 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சுழிகள் அடைத்துக்கொண்டு மூன்று பொட்டாகத் தெரியும். அதையெல்லாம் சுழியைத் திறந்து வரைந்து சரிசெய்துவிட்டேன். ஒரு முறை செய்தால் தீர்ந்துபோகிற வேலை. புள்ளியோ ஒவ்வொரு துணியிலும் புதிதாகத் தகராறு செய்யும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. தையலின் நடுவில் மின்சாரம் போனால், வந்தபின் விட்ட இடத்திலிருந்து மெஷின் ஒரு தையல்கூடப் பிசகாமல் தொடர்கிறது. இந்த ஒரு குணத்துக்காகவே முதல் கோடையில் அதன்மேல் பாசம் வந்துவிட்டது. தேங்காய்ப்பூத் துண்டில் தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக் தாளை மேலே விரித்துப் போட்டால் எழுத்து இழைகளுக்குள் அமிழாமல் எடுப்பாக நிற்கிறது. வாங்கிய பதினான்காம் மாதம் போட்ட பணத்தை எடுத்துவிட்டேன். 650 என்ற வேகத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போடக் கூடாது. 4,000 தையல் கொண்ட பெயர் கணக்குப்படி ஆறு நிமிடத்துக்குச் சற்றுமேல் பிடிக்க வேண்டும். நான் வேகத்தை 400க்குக் குறைத்து ஓட்டுவதால் பத்து நிமிடம், ஃபிரேம் மாட்டிக் கழற்ற ஐந்து நிமிடம், ஆக மணிக்கு நான்கு உருப்படி. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிய பிறகு, மணமக்கள் பெயர் போட்ட மஞ்சப்பை இருநூறு வேண்டுமென்று என்னிடமே சிலர் வந்தார்கள். ஐம்பது மணி நேர வேலை. அச்சடிக்கும் கடைக்கு வழிசொல்லி அனுப்பிவிட்டேன்.

இந்த நான்கு ஆண்டுகளில் மெஷினை முழு மனத்தோடு கொண்டாடிய நாள் ஒன்று உண்டு. மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், காலமான தம் தந்தை எழுதிய அஞ்சலட்டை ஒன்றைக் கொடுத்து, அதன் கடைசி இரண்டு வரிகளை அப்படியே தம் தங்கையின் கல்யாணப் பட்டு ரவிக்கையின் உட்புறத்தில், வெளியே தெரியாதபடி போட்டுத் தர வேண்டும் என்றார். உள்துணியில் போட்டுப் பிறகு தைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, அட்டையை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன், அந்த மனிதர் ஓரிடத்தில்கூடப் புள்ளி வைத்திருக்கவில்லை. பேனாவைத் தூக்க மனமில்லாத வேகக்கை அது. பழக்க தோஷத்தில், “புள்ளியை நான் வச்சிடட்டுமாண்ணே?” என்று கேட்டேன். “வேணாம்மா, அப்பா வைக்க மாட்டாரு” என்றார். ஒவ்வொரு தையலையும் முன்னும் பின்னுமாக மூன்று முறை ஓட்டும் கோட்டுத் தையலில், சொல்லுக்கு ஒரு முறை மட்டுமே நூலை வெட்டி, இருபத்தைந்து நிமிடத்தில் மெஷின் அதை முடித்தது. அடியில் ஒரு சிக்கல் இல்லை. பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருந்தது. இந்த மெஷினால் என்ன முடியும் என்று அன்றைக்குத்தான் முழுவதும் கண்டேன்.

பழுது வந்ததும் புள்ளியால்தான். ஒரு சட்டைப் பாக்கெட்டில் ‘ன்’ போட்டுக்கொண்டிருந்தபோது அடியில் நூல் பந்தாகத் திரண்டு, துணி மேலே தூக்கி, ஊசி வளைந்து தகட்டில் இடித்து ஒடிந்தது. ஊசி மாற்றினால் போயிற்று என்று நினைத்தேன். அதன்பின் எந்தத் துணியிலும் தையல் விழவில்லை. ஹூக் டைமிங், அதாவது ஊசியும் அடியிலுள்ள கொக்கியும் சந்திக்கும் நேரக்கணக்கு, போய்விட்டது. 1863இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஐசக் கிரோப்லி மேல்நூல், கீழ்நூல் இரண்டையும் கொண்ட எம்பிராய்டரி இயந்திரத்தை உருவாக்கிய காலம் தொட்டு, ஊசி மேலே எழும்போது உண்டாகும் நூல்வளையத்தை அடியில் ஒன்று தப்பாமல் பிடித்தாக வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை. பிடிக்கும் கொக்கி மயிரிழை விலகினாலும் எல்லாம் போயிற்று. அதைச் சரிசெய்ய இருபத்து மூன்று நாளா என்று கேட்டதற்கு உதிரிபாகம் வர வேண்டியிருந்தது என்றார்கள். பில்லில் உதிரிபாகம் எதுவும் இல்லை. கொண்டுவந்து கொடுத்த இளைஞரிடம் புள்ளிக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மெஷின்ல ஒண்ணும் குறை இல்லைங்க. இங்கிலீஷ்ல பேர் போட்டுப் பாருங்க, பிரச்சினையே வராது” என்றார். மதுரையில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அதைவிட எரிச்சல்.

ஆகவே தோழிக்கு என் பதில், வாங்காதே என்பதுதான். விலை இன்னும் ஐயாயிரம் குறைந்தாலும் வாங்காதே. மேலே பாராட்டி எழுதியிருப்பவை அத்தனையும் உண்மை; அவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வாங்கலாம் என்றுதான் விடை வரும் என்பதும் எனக்குத் தெரிகிறது. ஆனால் உசிலம்பட்டியில் அவளிடம் வருபவர்கள் பாண்டியன், முத்துராமலிங்கம், ஒச்சம்மாள் என்றுதான் பெயர் சொல்வார்கள். அந்தப் பெயர்களில் புள்ளிகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

மெஷின் திரும்பிய அன்று இரவு அதைச் சோதிப்பதற்கு ஒரே ஒரு எழுத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன்: ஃ. கழிவுச் சுங்குடித் துண்டு ஒன்றில், என் ஏற்பாடுகள் எதையும் செய்யாமல், 75/11 ஊசியும் 40ஆம் எண் நூலும் மாட்டி, தானாக நூல் வெட்டும் வசதியையும் போட்டுவிட்டு, இருபது ஆய்தங்களை ஓடவிட்டேன். பதினேழு சுத்தமாக விழுந்தன, இரண்டில் மேற்புள்ளி நெல்மணியாயிற்று, ஒன்றில் ஓட்டை. பழுதுக்கு முன்பு இருபதில் பத்துத் தேறியதில்லை. அந்தத் துண்டை ஒரு உறையில் போட்டு, ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறிய தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.