துளி அறுவதா, துளி காய்வதா?

மைத்துளிகளைத் தெளித்து அச்சிடும் இங்க்ஜெட் முறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய நினைக்கும் திருகோணமலைத் தங்கச்சி ஒருத்தி, இரண்டு தலைப்புகளோடு வந்தாள்.

ஒன்று, துளி அறுவது. நுண்துளையிலிருந்து பாயும் மைத்தாரை, திரவம் தன் மேற்பரப்பைச் சுருக்கப் பார்க்கும் மேற்பரப்பிழுவையால் அறுந்து துளியாகும். கூடவே குட்டித் துளிகளும் சிதறி எழுத்தின் ஓரத்தைக் கெடுக்கும். தாரை ஏன் அறுகிறது என்று ஆங்கிலேய பௌதிகவியலாளர் ராலே 1878இலேயே கணக்குப் போட்டார். பார்க்கத்தான் அதிவேகக் கமரா வேண்டும். அது விலை!

மற்றது, துளி காய்வது. சிந்திய கோப்பி ஓரத்தில் கருவளையமாகக் காயுமே, மைத்துளியும் அப்படித்தான். துளியின் விளிம்பு நகராமல் ஒட்டிக்கொள்ள, அங்கே ஆவியாவதை ஈடுசெய்ய உள்ளிருந்து திரவம் துகள்களை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இந்த விளக்கம் 1997இல்தான் வந்தது. தொடங்க ஒரு நுணுக்குக்காட்டி போதும். திருகோணமலைக் கரையோரத்து உப்புவெளியின் ஈரக்காற்றில் துளி மெதுவாகவே காயும், அதையும் அளக்கலாம்.

நான் என்றால் இதைத்தான் எடுப்பேன். அவளுக்கோ கமராவில்தான் கண்.