கினிப்பன்றிக் கூட்டுக்கு எந்தத் துணி: சாரமா, பிளீஸா, தைத்த மெத்தையா?

எங்கள் வீட்டில் இரண்டு கினிப்பன்றிகள். அக்காவும் தங்கையும். மூத்தவள் கறுப்பி, இளையவள் பப்பாசி. வந்த புதிதில் மரக்காலையில் கேட்டு வாங்கிய சீவலைத்தான் கூட்டில் பரப்பினோம். ஒரு சாக்கு நிறையச் சும்மாவே தந்தார்கள். ஆனால் அது என்ன மரத்துச் சீவல் என்று தந்தவர்களுக்கே தெரியாது. மூன்றாம் நாள் பப்பாசி தும்மத் தொடங்கிவிட்டாள். கினிப்பன்றிக்குச் சளி, மூச்சுக் கோளாறு எல்லாம் சட்டென்று பிடிக்கும். தூசும் ஆகாது, பைன் போன்ற வாசமுள்ள மரங்களின் சீவலும் ஆகாது. உமி போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். உமியின் கூரும் தூசும் கண்ணுக்குள் போனால் யார் பார்ப்பது என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் தோய்த்துப் பாவிக்கிற துணிக்கு வந்தோம்.

துணி என்றால் எந்தத் துணி? இணையத்தில் தேடினால் குளிர் நாட்டுக்காரர்கள் சொல்வதுதான் வரும். அவர்களுக்குத் துணி உலர்த்தும் இயந்திரம் வீட்டிலேயே இருக்கிறது. எங்களுக்குக் கிணற்றடியும் கொடியும்தான். ஆகவே நான் துணியைப் பார்த்த விதம் கொஞ்சம் வேறு. மேற்பக்கம் ஈரமில்லாமல் இருக்கிறதா, நகம் சிக்காமல் இருக்கிறதா என்பதோடு, கிணற்றுத் தண்ணீரில் தோய்த்தால் அன்றைக்கே காய்கிறதா என்பதையும் பார்த்தேன். கடைசியில் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான் தீர்ப்புச் சொன்னது.

முதலில் பருத்தி. அம்மா எடுத்துத் தந்தது அப்பாவின் பழைய சாரம் (லுங்கி). பல வருசம் தோய்த்துத் தோய்த்துப் பூப்போல ஆகியிருந்தது. நாலாய் மடித்து விரித்தோம். பார்க்க வடிவாக இருந்தது. பின்னேரம் கறுப்பியைத் தூக்கினால் வயிறெல்லாம் ஈரம். பருத்தி மூத்திரத்தை நன்றாகக் குடிக்கும், ஆனால் குடித்ததைக் கீழே விடாது, மேலேயே வைத்திருக்கும். இரண்டு கிழமை போன பிறகு அவளுடைய பின்னங்கால் அடியைத் திருப்பிப் பார்த்தேன். குதிப்பக்கம் சிவந்து, மயிர் உதிர்ந்து பளபளவென்று இருந்தது. ஈரத்திலோ கரடுமுரடான தரையிலோ நின்றுகொண்டே இருந்தால் இவற்றுக்கு உள்ளங்காலில் புண் வரும். புண்ணாகிவிட்டால் ஆற்றுவது பெரும்பாடு. நல்ல காலம், எங்களுடையது சிவப்போடு நின்றது, காய்ந்த துணிக்கு மாற்றியதும் தணிந்தது. இன்னொன்று, சாரத்தின் கிழிந்த ஓரத்தில் இருந்து வருகிற நூல். பப்பாசியின் விரலில் ஒரு நூல் இரண்டு சுற்றுச் சுற்றிக் கிடந்ததை ஒரு காலையில் கண்டேன். அதோடு சாரம் கூட்டை விட்டு வெளியே வந்தது.

துவாய் சாரத்தை விட நன்றாக உறிஞ்சும். ஆனால் அதன் மேல் முழுக்கச் சின்னச் சின்ன நூல் வளையங்கள். கினிப்பன்றியின் நகம் வளைந்து வளரும் சாமான், போய் மாட்டிக்கொள்ளும். மேலே போடவே கூடாது. கீழ் அடுக்குக்கு என்றால் அதைப்போல வேறொன்றில்லை. குளியலறை வாசலில் போடுகிற கால்துடைப்பானுக்கும் இதே கதைதான், தடிப்பு மட்டும் கூட.

இனிப் பிளீஸ். கனடாவில் இருந்து சித்தி பார்சலில் அனுப்பின போர்வை ஒன்று அலுமாரிக்குள் கிடந்தது. யாழ்ப்பாணத்து வெக்கைக்கு அதை யார் போர்த்துவது? வெட்டிப் போட்டேன். பிளீஸ் பொலியெஸ்டர் துணி. நார் தண்ணீரைக் குடிக்காது, கீழே கடத்திவிடும். சாரம் பஞ்சு என்றால் இது வடி. அதனால் கீழே குடிக்கிறதுக்கு ஒரு துவாய் கட்டாயம் வேண்டும். பிளீஸைத் தனியே போட்டால் மூத்திரம் குளமாய் நிற்கும். முதல் தரம் எனக்கு நடந்ததும் அதுதான், ஆனால் காரணம் வேறு. புதுப் பிளீஸில் ஒரு பூச்சு இருக்கும். ஒரு தேக்கரண்டி தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன், தாமரை இலையில் நிற்பது போல முத்து முத்தாய் நின்றது. சுடுதண்ணீரில் நாலு தரம் தோய்த்த பிறகு அதே ஒரு கரண்டித் தண்ணீர் ஐந்தாறு விநாடியில் கீழே இறங்கிவிட்டது. வாசத்துக்குப் போடுகிற துணி மென்மையாக்கியை மட்டும் இதற்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். நார்களில் படிந்து மறுபடியும் தண்ணீரை இறங்க விடாது.

பிளீஸின் நல்ல குணங்கள் கனக்க. கத்தரிக்கோலால் வெட்டினால் போதும், ஓரம் நூல் விடாது, தையற்காரரிடம் போகவேண்டியதில்லை. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் கொடியில் போட்டால் பத்து மணிக்குள் காய்ந்து பறக்கும். கெட்ட குணம் ஒன்று, புல்லும் மயிரும் ஒட்டிப் பிடிக்கும். தோய்க்க முன் முற்றத்தில் உதறி, காய்ந்த தும்புத் தூரிகையால் இழுக்கவேண்டும். நாங்கள் கினிப்புல்லும் அறுகும் போடுகிறோம். (கினிப்புல் ஆபிரிக்காவில் இருந்து வந்தது, பெயர் பொருந்தும். கினிப்பன்றியோ தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப்பக்கத்துப் பிராணி, கினியும் இல்லை, பன்றியும் இல்லை.) புல்லைத் துணிமேல் போடாமல் ஒரு கூடையில் வைத்தால் வேலை பாதியாகும். மற்றக் கெட்ட குணம் சூடு. 26, 27 பாகைக்கு மேல் போனாலே இவை தவிக்கத் தொடங்கும். எங்கள் மத்தியானம் பல மாதங்களில் 30ஐத் தாண்டும். ஆகவே கூடு முழுக்கத் துணி விரிப்பதில்லை. வீடு கட்டி மிஞ்சின தரை ஓடு இரண்டை ஒரு மூலையில் வைத்தோம். மத்தியானம் இரண்டு பேரும் அதன் மேல்தான் நீட்டி நிமிர்ந்து கிடப்பார்கள்.

தைத்த மெத்தை என்பது மேலே பிளீஸ், நடுவில் உறிஞ்சும் பஞ்சுத்துணி, கீழே தண்ணீர் புகாத துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைத்து வருவது. இணையத்தில் ஒன்று எடுப்பித்தேன். கூட்டில் போட்டால் சுருக்கம் விழாது, அடியில் நுழைந்து ஒளிய முடியாது, ஒரே தூக்கில் எடுத்துவிடலாம். வோஷிங் மெஷினும் மொட்டைமாடி வெயிலும் இருக்கிறவர்களுக்கு நல்ல சாமான்தான். எனக்குச் சரிவரவில்லை. அம்மா மெஷினுக்குக் கிட்டவே விடவில்லை. “மனுசர் உடுப்புப் போடுறதுக்குள்ள உந்தப் புழுக்கையைப் போடாதை பிள்ளை” என்று ஒரே பிடி. கையால் தோய்த்தால் தண்ணீர் குடித்த மெத்தை ஒரு வாளிப் பாரம், பிழிய முடியாது. மேற்பக்கம் காய்ந்தாலும் நடுப் பஞ்சு காயாது. காய்ந்துவிட்டது என்று நினைத்து ஒருநாள் விரித்தேன், அடுத்த நாள் பூஞ்சண மணம். எனக்கு விழுந்த விலைக்கு இரண்டு பிளீஸ் போர்வையும் நாலு துவாயும் வாங்கியிருக்கலாம்.

படுக்கையில் கிடக்கிற வயதானவர்களுக்குப் போடுகிற, தோய்க்கக்கூடிய உறிஞ்சு விரிப்பு மருந்துக்கடைகளில் கிடைக்கும். பிளீஸுக்குக் கீழே துவாய்க்குப் பதிலாக இதைப் போட்டால் இரவு முழுக்கத் தாங்கும், தரைக்கு ஒரு சொட்டும் போகாது. ஆனால் அடிப்பக்கப் பிளாஸ்டிக்கைக் கறுப்பி கடிக்கத் தொடங்கினாள். சித்திரை வெயிலில் காயப்போட்டதில் அதே பிளாஸ்டிக் வெடித்து உரிந்தது. வாங்குவதென்றால் நிழலில் காயப்போடுங்கள், ஓரத்தைப் பிளீஸால் மூடி மடித்துவிடுங்கள்.

துணியை விடப் பெரிய பிரச்சினை தண்ணீர். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது, கிணற்றில் வருவதும் அந்தச் சுண்ணாம்பு கரைந்த தண்ணீர்தான். கேத்திலின் அடியைப் பார்த்தால் தெரியும், வெள்ளைச் செதில். சவர்க்காரம் போட்டால் நுரைக்கு முந்தித் திரை படியும். அந்தத் திரை பிளீஸில் தங்கினால் துணி விறைத்து, முதல் நாளைப் போலத் தண்ணீரை இறக்க மறுக்கும். போதாததற்குக் கினிப்பன்றியின் மூத்திரத்திலும் கல்சியம் அதிகம், காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு பூசினது போல வெள்ளையாய்க் கிடக்கும். இரண்டுக்கும் மருந்து வினாகிரி. கடைசி அலசலில் ஒரு வாளித் தண்ணீருக்கு அரைக் கோப்பை விட்டு, கால்மணி நேரம் ஊறவைத்துப் பிழிவேன். மணம் வெயிலில் போய்விடும். வெளுப்புத் திரவத்தோடு மட்டும் வினாகிரியைக் கலக்கக் கூடாது, நச்சுவாயு வரும். சவர்க்காரத்தூளும் வழமையில் போடுவதில் பாதி போதும்.

இப்போது எங்கள் கூட்டில் இருப்பது தைக்காத இரண்டு அடுக்கு: மேலே பிளீஸ், கீழே துவாய். இரண்டும் தனித்தனியே காய்வதால் சிக்கல் இல்லை. காலையும் மாலையும் புழுக்கையைக் கூட்டி அள்ளுவோம், மூன்று நாளைக்கு ஒருக்கால் முழுவதையும் மாற்றுவோம். அதிகம் நனைவது அவை ஒளிந்து படுக்கிற மூலைதான், அங்கே கையகலப் பிளீஸ் துண்டு ஒன்றைத் தனியே போட்டுத் தினமும் மாற்றினால் பெரிய துணி தாக்குப்பிடிக்கும்.

ஐப்பசி பிறந்து மாரி தொடங்கினால் இந்தக் கணக்கும் குழம்பும். பிளீஸ் விறாந்தையில் கட்டின கயிற்றில், மின்விசிறிக் காற்றில், ஓரிரவில் காய்ந்துவிடும். துவாய் காயாது. அந்த இரண்டு மூன்று மாதமும் துவாயை எடுத்துவிட்டுப் பிளீஸுக்குக் கீழே பத்திரிகைத் தாளை ஏழெட்டு மடிப்பாய் அடுக்குகிறேன். தாளைத் தினமும் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த காலை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கூட்டைத் திறக்கவேண்டிவரும். பழைய பத்திரிகைக்கு இப்போது பக்கத்து வீட்டு மாமியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.