மதர்போர்டு போச்சுன்னாங்க, போனது டிரைவர்தான் – அஞ்சு ரோடு பக்கம் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை

என் லேப்டாப்ப ஆன் பண்ணா லோகோ வரும், வட்டம் சுத்தும், உடனே நீல ஸ்க்ரீன் அடிச்சு திரும்ப ரீஸ்டார்ட், இதே கூத்துதான். வேற ஒரு கடைல பின் கவரக்கூட கழட்டாம மதர்போர்டு போயிடுச்சு 14,000 ஆகும்னுட்டாங்க. கூட வேலை பாக்கற டீச்சர் ஒருத்தங்க சொல்லித்தான் சேலம் அஞ்சு ரோடு பக்கத்துல மாடில இருக்கற இந்த குட்டிக் கடைக்கு போனேன்.

அங்க இருந்த தம்பி ஸ்க்ரூடிரைவர தொடவே இல்ல. "அக்கா, கடைசியா ஏதாச்சும் அப்டேட் ஆச்சா?"ன்னார், முந்தின நாள் ராத்திரி ஆச்சுன்னேன். பூட் ஆகாம ரெண்டு மூணு தடவை விழுந்தா விண்டோஸே ரிப்பேர் ஸ்க்ரீனுக்கு போயிடுது, அதுல ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்னு உள்ள போய் 4ஐ அமுக்கினார், அதான் சேஃப் மோடு, அவசியமானது மட்டும் ஓடற மோடு. நடுவுல பிட்லாக்கர், அதாவது டிஸ்க்க பூட்டி வெக்கற விண்டோஸ் வசதி, 48 இலக்க கீ கேட்டுச்சு, நல்லவேளை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருந்துச்சு, போன்லயே எடுத்து அடிச்சோம். எழுத்தெல்லாம் பெருசு பெருசா அசிங்கமா தெரிஞ்சாலும் லேப்டாப் அசையாம நின்னுச்சு. சேஃப் மோடுல கம்பெனி கிராபிக்ஸ் டிரைவர், அதாவது ஸ்க்ரீன்ல படம் காட்ட வைக்கற சாஃப்ட்வேர், ஏறாது, விண்டோஸோட சாதா டிஸ்ப்ளே டிரைவர் மட்டும்தான் ஓடும், இதுல நிக்குதுன்னா போர்டு மேல பழி போடறதுக்கு முன்னாடி டிரைவரத்தான் பாக்கணும்னார்.

அப்புறம் விண்டோஸ் ஃபோல்டர்ல கிராஷ் ஆனா பதிவாகற மினிடம்ப்னு ஒண்ண திறந்து புளூஸ்க்ரீன்வியூன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல காட்டினார், ஒவ்வொரு கிராஷுக்கும் ஒரு வரி, எல்லா வரிலயும் அதே கிராபிக்ஸ் டிரைவர் ஃபைல் பேரு! 2024 ஜூலை 19ல ஏர்போர்ட்டெல்லாம் நீலமா நின்னுச்சே, அதுவும் க்ரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு செக்யூரிட்டி சாஃப்ட்வேரோட டிரைவர் தப்பான ஃபைல படிச்சு கவுந்ததுதானாம், 85 லட்சம் கம்ப்யூட்டர்னு மைக்ரோசாஃப்டே சொன்ன கணக்கு, அதுலயும் நெறைய மெஷின சேஃப் மோடுல போய்த்தான் ஒவ்வொண்ணா எழுப்பினாங்களாம். வேலை பாத்துட்டே கதை சொல்றார், கேக்க நல்லாத்தான் இருக்கு.

டிவைஸ் மேனேஜர்ல பழைய டிரைவருக்கே திரும்பற ரோல்பேக் பட்டன் மங்கலா இருந்துச்சு, பழைய டிரைவர் சேவ் ஆகலனா அப்படித்தானாம். அதனால வைஃபைய ஆஃப் பண்ணிட்டு டிரைவர ஃபைலோட சேத்து அன்இன்ஸ்டால் பண்ணி, லேப்டாப் கம்பெனி சைட்ல என் மாடல் நம்பருக்குன்னே இருக்கற பழைய வெர்ஷன பென்டிரைவ்ல கொண்டுவந்து போட்டார், விண்டோஸ் அப்டேட்டையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வெச்சுட்டார், இல்லனா அதே டிரைவர் திரும்ப வந்து உக்காந்துக்குமாம். நான் கீழ போய் தட்டுவடை செட்டு சாப்ட்டு வர்றதுக்குள்ள டெஸ்க்டாப் வந்து நிக்குது. டேட்டா எதுவும் போகல, ஃபார்மட்டும் இல்ல. 400 ரூபாதான் வாங்கினார்.

குறைன்னா, போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்கறாங்க, பில்லு கேட்டா துண்டுச் சீட்டுல எழுதித் தர்றாங்க, வண்டி நிறுத்த சுத்தமா இடமில்ல, மாடிப்படி வேற செங்குத்து, முட்டி வலி இருக்கறவங்க யாரையாச்சும் கூட்டிட்டு போங்க. ஏற்காட்டுலருந்து 20 ஹேர்பின் பெண்ட் இறங்கி வர்றவங்க பிட்லாக்கர் கீய கிளம்பறதுக்கு முன்னாடியே பாத்து எழுதி வெச்சுக்கங்க, சார்ஜரும் எடுத்துக்கங்க, ஞாயித்துக்கிழமை கடை லீவு.