நூல் பிசகாமல் இணைக்க: கையா, மெஷினா, காகிதமா?

துண்டுத் துணிகளை இணைத்து நான் தைத்த முதல் ஒட்டுத்துணிப் போர்வை செவ்வகமாகவே வரவில்லை. காரைக்குடி வீட்டு வளவில் விரித்துப் பார்த்தேன். கீழே தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் வரிசை நேராக ஓட, மேலே என் போர்வை கோணிக்கொண்டு கிடந்தது. பொழுதுபோக்குக்குத் தைப்பதுதானே என்று விட்டிருப்பேன். ஆனால் வெட்டியது ஆயாவின், என் பாட்டியின், கண்டாங்கிச் சேலைகளை ஆயிற்றே.

அதன்பிறகு கையால், மெஷினில், காகிதம் வைத்து என்று மூன்று வழிகளிலும் தைத்துப் பார்த்தேன். எது அழகாக வருகிறது என்று பார்க்கவில்லை. என் பிழையை எது சீக்கிரம் காட்டிக்கொடுக்கிறது என்றுதான் பார்த்தேன். அழகாக வருவது வேறு, கை தேறுவது வேறு.

மெஷினிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் போர்வை கெட்டது அதில்தான். இந்த வேலையில் தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம். ஆசாரி கணக்கில் இரண்டு நூல்; அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ரவிக்கை தைத்துப் பழகிய கை தாராளமாக ஓரம் விடும். நான் அரை நூல் கூடுதலாகப் பிடித்துத் தைத்திருக்கிறேன். அரை நூல்தானே? இரண்டரை அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்றுக்கு மூன்றாக இணைத்தால் கிடைக்கும் கட்டம், அதாவது பிளாக், ஆறரை அங்குலம் வர வேண்டும். ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கத்துத் துணியையும் தின்னும். குறுக்கே இரண்டு தையல் என்றால் கால் அங்குலம் போயிற்று. பத்து பிளாக் சேர்ந்தால் இரண்டரை அங்குலம்; பிளாக்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் தையலில் போவது தனி. பிளாக்குகளுக்கு நடுவே ஆறரை அங்குல முழுத்துணிச் சதுரங்களை வைத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அதுவரை மெஷின் வாயைத் திறக்கவில்லை. வேகம் இருக்கிறது, கால்மிதி மெஷின் என்பதால் கரண்ட் போனாலும் கவலையில்லை, ஆனால் பிழையைக் கடைசிவரை மறைத்து வைக்கும்.

அதன் வாயைத் திறக்க ஒரு வழி உண்டு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, நீளவாக்கில் இணைத்து, நடுப்பட்டையை அளக்க வேண்டும். சரியாக ஒரு அங்குலம், அதாவது எட்டு நூல், இருக்க வேண்டும். எனக்கு முதலில் ஏழுதான் வந்தது. ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் மெஷின் தட்டின்மேல் கரண்ட் டேப் ஒட்டி, துணியின் விளிம்பை அதில் உரசியபடி ஓட்டினேன். அப்படியும் ஏழே முக்கால்தான். கண்டாங்கி தடித்த பருத்தி. மடிப்பு திரும்பும் இடத்திலேயே ஒரு மயிரிழை போய்விடுகிறது. டேப்பை அந்த மயிரிழை உள்ளே தள்ளி ஒட்டிய பிறகுதான் எட்டு வந்தது. வேறு துணிக்கு மாறினால் மறுபடி பட்டை தைத்து அளக்க வேண்டும்.

கைத்தையலில் இந்த மர்மமே இல்லை. துணியின் பின்பக்கம் பென்சிலால் கோடு போட்டு, மூலைக்கு மூலை புள்ளி வைத்து, புள்ளியில் தொடங்கிப் புள்ளியில் நிறுத்தி ஓட்டுத்தையல் போடுகிறோம். நாலைந்து தையலுக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்தால் பின்துணியின் கோட்டில் ஊசி ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். விலகியிருந்தால் உருவியெடுக்க அரை நிமிடம். ஓரத்தை மடக்கித் தைக்காமல் விடுவதால் மூலை சேரும் இடத்தில் துணி எந்தப் பக்கமும் சாயும். மெஷினில் எனக்கு மூன்று மாதம் சேராத மூலை கையில் முதல் வாரமே சேர்ந்தது. ஒரு பிளாக்குக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்பதுதான் குறை.

காகிதம் வைத்துத் தைப்பதில் இரண்டு வகை. அறுகோண அட்டையின்மேல் துணியை மடித்து, ஓரத்தோடு ஓரம் சுற்றித் தைப்பது ஒன்று. பழைய முறைதான், 1718 என்று ஆண்டு பொறித்த பட்டுப் போர்வை ஒன்று பிரிட்டனில் இப்படிப் போர்வை தைப்பவர்களின் சங்கமான குவில்ட்டர்ஸ் கில்டின் சேகரிப்பில் இருக்கிறது, அதுவும் காகிதத்தின்மேல் தைத்ததே. நம் ஊரில் அட்டைக்கு எங்கே பஞ்சம்? கல்யாணப் பத்திரிகைகள் கத்தரித்து மாளாது. ஆனால் மடிப்பில் கண்டாங்கி விறைத்துக்கொண்டு மூலையில் முடிச்சு விழுகிறது. சுங்குடியில் பூப்போல வந்தது. இன்னொன்று, காகிதத்தில் அச்சிட்ட கோட்டின்மேலேயே மெஷினை ஓட்டிப் பிறகு காகிதத்தைக் கிழிப்பது. நட்சத்திர முனை கத்திபோல வரும், துணி நிறைய வீணாகும். இரண்டிலும் வடிவத்தைக் காகிதம் காக்கிறது. நான் கோணலாக வெட்டியிருந்தாலும் மூடி மறைத்துவிடுகிறது. பார்ப்பவர்கள் மெச்சுவார்கள். நான் கற்றது சொற்பம்.

எந்த வழியானாலும் இஸ்திரியில் கெடுக்கலாம். நம் மொழியிலேயே குழப்பம்: இஸ்திரி போடுவதை ‘தேய்ப்பது’ என்கிறோம். ஒட்டுத்துணியைத் தேய்க்கவே கூடாது. பெட்டியை வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும். இழுத்துத் தேய்த்தால் குறுக்குவெட்டாக வெட்டிய முக்கோணம் நீண்டுவிடும். முக்கோணம் வெட்டும் முன்பே துணிக்குச் சோற்றுக் கஞ்சி போட்டுவிடுகிறேன், அசையாமல் நிற்கிறது. முடிந்ததும் அலசிவிட வேண்டும், இல்லையேல் ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

முக்கோணத்தின்மேல் ஆசை வந்ததே ஆத்தங்குடிக் கல்லின் வடிவங்களால்தான். அந்தக் கல்லைச் செய்பவர்கள் கண்ணாடிமேல் அச்சுச் சட்டம் வைத்து வண்ணக் குழம்பை ஊற்றுகிறார்கள். சட்டத்தை எடுத்ததும் வண்ணங்கள் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. அவர்களுக்கு இரண்டு நூல் ஓரம் விடும் தொல்லை இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: முதல் பத்து பிளாக்கைக் கையால் தைத்துவிட்டு மெஷினுக்குப் போங்கள். கை பார்த்த கோட்டை அதன்பிறகு கண் தானே பார்க்கும். காகிதத்தை நட்சத்திரம் வேண்டும் என்கிறபோது எடுத்தால் போதும்.

காரைக்குடிக் கண்டாங்கி 2019-இல் புவிசார் குறியீடு பெற்றபின், பழைய சேலையை வெட்டுகிறாயே என்று வீட்டில் பேச்சு கூடியிருக்கிறது. கிழிந்த உடல்பகுதியைத்தான் வெட்டுகிறேன். கடைசிச் சேலையின் அரக்குச் சிவப்பு முந்தானை ஓலைக் கொட்டானில் அப்படியே இருக்கிறது. நடுப்பட்டை எட்டு நூல் தவறாமல் வந்தாலும், அதை மெஷினில் வைக்கமாட்டேன்.